இரண்டாம் முறை நெதர்லாந்து: திங்கட்கிழமையை மறப்பவர்களுக்கு

நெதர்லாந்துக்கு மறுமுறை செல்லும் நண்பர்கள் தங்கள் பயணத் திட்டத்தை அனுப்பி, சரிபார்த்துத் தரும்படி கேட்பது வழக்கம். அண்மையில் வந்த மூன்று திட்டங்களில் இரண்டு, திங்கட்கிழமைக்கு நேரே, அன்று அருங்காட்சியகம் மூடியிருக்கும் ஓட்டர்லோ என்ற சிற்றூரைக் குறித்திருந்தன. நானும் அதே தவறைச் செய்தவன். வான்கோ அருங்காட்சியகத்துக்கு இணையத்தில் முன்பதிவு செய்யுங்கள் என்பது போன்ற, அனைவருக்கும் தெரிந்த அறிவுரைகளைத் தவிர்த்துவிட்டு, மறுமுறை போகிறவர்கள் செய்யும் தவறுகளை மட்டும் இங்கே சொல்கிறேன்.

ஆம்ஸ்டர்டாம் பழக்கத்தை வெளியூருக்கும் கொண்டுபோவது

முதல் பயணம் பெரும்பாலும் ஆம்ஸ்டர்டாமோடு முடிந்துவிடும். அங்கே ரைக்ஸ்மியூசியம் ஆண்டின் எல்லா நாளும் திறந்திருப்பதால், அருங்காட்சியகத்துக்கும் வார விடுமுறை உண்டு என்பதே நமக்கு மறந்துபோகிறது. வெளியூர்களில் கதை வேறு. ஹார்லெமின் ஃபிரான்ஸ் ஹால்ஸ் அருங்காட்சியகமும் ஓட்டர்லோவின் குரோலர்-முல்லர் அருங்காட்சியகமும் பொதுவாகத் திங்களன்று மூடியிருக்கும். ஹேக் நகரின் மவுரிட்ஸ்ஹௌஸ் அன்று பிற்பகல் ஒரு மணிக்குத்தான் திறக்கும்.

இவற்றில் ஓட்டர்லோதான் அதிகம் தண்டம் வாங்கும் இடம். அருங்காட்சியகம் ஹோகே வெலூவே என்னும் தேசியப் பூங்காவின் நடுவே இருக்கிறது; பூங்கா தினமும் திறந்திருப்பதால் வாயிலில் யாரும் தடுப்பதில்லை. ஏடே வரை ரயில், பிறகு பேருந்து, பிறகு பூங்காவுக்கெனத் தனிச்சீட்டு என்று எல்லாவற்றுக்கும் பணம் கொடுத்துவிட்டு, இலவசமாகக் கிடைக்கும் வெள்ளை மிதிவண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு நான் புறப்பட்டேன். கைப்பிடியில் பிரேக் இல்லை. பின்னோக்கி மிதித்தால்தான் வண்டி நிற்கும் என்பதை ஒரு திருப்பத்தில் கற்றுக்கொண்டு, பைன் மரங்களுக்கிடையே உற்சாகமாகப் போய்ச் சேர்ந்தால், கதவு பூட்டியிருந்தது. வான்கோ 1888இல் தீட்டிய இரவுநேரக் காப்பிக்கடை ஓவியம் அந்தச் சுவருக்குப் பின்னால் இருந்தது. சிற்பத் தோட்டத்தையாவது பார்க்கலாம் என்றால், அதுவும் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. மறுநாள் காலை எனக்கு விமானம். திறக்கும் நேரத்தைக் குறிப்பேட்டில் நிமிடம் பிசகாமல் எழுதியிருந்த நான் கிழமையைப் பார்க்கவில்லை என்பதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

அன்று மாலை இன்னொன்றும் புரிந்தது: சிற்றூர்களில் பல உணவகங்களுக்கும் திங்கள்தான் ஓய்வுநாள். ரயில் நிலையக் கடையில் வாங்கிய பாலாடைக்கட்டி ரொட்டியே இரவுணவானது.

டெல்ஃப்ட் நகரில் வெர்மீரைத் தேடுவது

ஓவியர் வெர்மீர் பிறந்த ஊர்தான். ஆனால் அவருடைய ஓவியங்கள் அங்கே இல்லை. ‘டெல்ஃப்ட் நகரக் காட்சி’கூட ஹேக்கில்தான் இருக்கிறது.

பழைய நினைவை நம்பி ராட்டர்டாம் போவது

பாய்மன்ஸ் அருங்காட்சியகம் சீரமைப்புக்காக 2019இல் மூடப்பட்டது. அருகிலேயே, கண்ணாடி போர்த்திய பெருங்கிண்ணம் போன்ற அதன் கிடங்கு 2021இல் திறக்கப்பட்டது, அதைப் பார்க்கலாம்.

இரவு ஒன்பதரைக்கு உணவகம் தேடுவது

சமையலறையை அதற்குள் மூடியிருப்பார்கள். ஏழு மணிக்கே உட்கார்ந்துவிடுங்கள்.

ரைஸ்டாஃபலைக் கேள்வி கேட்காமல் வரவழைப்பது

இந்தோனேசியா டச்சு ஆட்சியில் இருந்த காலத்தில் உருவான இந்த விருந்தில், சோற்றைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு சிறு கிண்ணங்கள் வரும். பல இடங்களில் குறைந்தது இருவருக்குத்தான் பரிமாறுவார்கள் என்பதால் தனியாகப் போகிறவர் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். மரக்கறி உண்பவர்கள் இன்னும் ஒன்று கேட்க வேண்டும்: காய்கறிக் கிண்ணத்திலும் சம்பலிலும் ‘ட்ராசி’ என்னும் புளித்த இறால் விழுது சேர்ந்திருக்கலாம். இறைச்சி இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும்.