எஃப்ரூசி மாளிகையைப் பார்க்கும் முறை

பிரான்சின் தென்கடற்கரையில், நீஸ் நகருக்குக் கிழக்கே கடலுக்குள் நீண்டு கிடக்கும் காப் ஃபெரா தீபகற்பத்தில், இளஞ்சிவப்புச் சுவர்களுடன் நிற்கிறது எஃப்ரூசி த ரோத்சீல்டு மாளிகை. வங்கியாளர் குடும்பத்தில் பிறந்த பெயாட்ரிஸ் 1905இல் இந்நிலத்தை வாங்கி, 1912க்குள் மாளிகையைக் கட்டுவித்துத் தாம் சேர்த்த கலைப்பொருள்களால் நிறைத்தார். 1934இல் அவர் மறைந்தபின், அவருடைய உயிலின்படி அனைத்தும் பிரெஞ்சு நுண்கலைக் கழகத்துக்குச் சென்றன. நீஸிலிருந்து ரயிலில் வருவோர் போலியூ-சுர்-மேர் நிலையத்தில் இறங்கி நடந்தே வந்துவிடலாம்.

கடலைக் கண்டதும் தோட்டத்தில் இறங்கிவிடத் தோன்றும். அந்த ஆசையைச் சற்றே தள்ளிவைத்து, கதவு திறந்ததும் வீட்டுக்குள் செல்வதே நல்லது. தோட்டத்தைக் கூட்டத்தோடும் ரசிக்கலாம், உள்ளே உள்ள பீங்கான் சேகரிப்பை அப்படி ரசிக்க முடியாது.

எல்லா அறைகளையும் ஒரே கவனத்தோடு பார்க்க முயன்றால் கண் சலித்துவிடும். பீங்கானுக்கு மட்டுமாவது தாராளமாக நேரம் ஒதுக்குங்கள். பாரிஸ் அருகே வான்சேனில் தொடங்கி 1756இல் செவ்ருக்கு இடம்பெயர்ந்த பீங்கான் ஆலையின் பழைய கலங்கள் மென்களிமண் கலவையால் ஆனவை. கண்ணாடிப் பேழையின் ஓரமாக நின்று சாய்வாகப் பார்த்தால், அவற்றின் வண்ணம் பளபளப்புப் பூச்சுக்குள் கரைந்து இறங்கியிருப்பது தெரியும். பிறகு குரங்குகள் இசைக்கும் ஓவியப் பலகைகள் பதித்த சிறு கூடத்துக்குச் செல்லுங்கள். அங்குள்ள, ஜெர்மனியின் மைசன் ஆலையில் செய்த குரங்கு இசைக்குழுவின் பொம்மைகள் கடினப் பீங்கான் என்பதால், வண்ணம் மேற்பரப்பிலேயே கூர்மையாக நிற்கும். இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தவருக்கு மற்றப் பேழைகள் தாமாகவே பேசத் தொடங்கும்.

தோட்டங்கள் ஒன்பது. பிரெஞ்சுத் தோட்டத்தை முதலில் மாளிகையிலிருந்தே பாருங்கள்: இருபுறமும் கடல் தெரிய, அது கப்பலின் மேல்தளம்போல் நீள்கிறது. பெயாட்ரிஸ் தம் தோட்டக்காரர்களுக்குச் சிவப்புக் குஞ்சம் வைத்த மாலுமித் தொப்பி அணிவித்தாராம். பணம் மிகுந்தவர்களின் விளையாட்டு! இசைக்கேற்ப எழும் நீரூற்றுகள் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இயங்குவதால், ஒரு சுற்றைத் தவறவிட்டாலும் கவலையில்லை. ஸ்பானிய, ஜப்பானியத் தோட்டங்களைவிட, சிற்பத் துண்டுகளும் தூண் தலைப்புகளும் செடிகளுக்கிடையே சிதறிக் கிடக்கும் கல்தோட்டமே என் தேர்வு. படிகளும் சரிவுகளும் உள்ளதால் தட்டையான காலணி அணிவது நலம். ரோஜாத் தோட்டத்துக்கு மே மாதமே ஏற்றது.