லயத்துப் பின்பக்கம் ஒரு பாத்தி: வன்னியிலிருந்து மலைக்குத் திரும்பி வந்தவர்களுக்கு

இலங்கை மலையகத்து ஹட்டனில் நான் முதன்முதலாக வைத்த 40 மிளகாய்க் கன்றில் ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. வடக்கே வன்னியில், கிளிநொச்சியில் மிளகாய் போட்டுப் பழகிய கை, வைத்தால் வரும் என்ற தைரியத்தில் ஆனி மாதத்துச் சாரலில் கொண்டுபோய் வைத்தேன், மூன்று வாரத்தில் தண்டு அழுகிச் சாய்ந்தது, மிச்சமிருந்ததை நத்தை முடித்துவிட்டது. மாமா ஒன்றும் சொல்லவில்லை. இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டே, "இது உன் வன்னி இல்லடா" என்றார், அவ்வளவுதான்.

1977 இனக் கலவரத்துக்குப் பிறகு தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போன மலையகக் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. நான் பிறந்தது அங்கே. 2009 மே மாதம் சண்டை முடிந்து, செட்டிகுளம் மெனிக் பாம் அகதி முகாமில் கிடந்து, வெளியே விட்டதும் அம்மாவும் நானும் மாமா வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். தாத்தா விட்டுப்போன அதே மலைதான், எனக்கு ஒன்றும் தெரியாத மலை. என்னைப் போல வந்தவர்களுக்கும், மம்மட்டியே பிடித்துப் பழகாதவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். இங்கே தோட்டம் என்றாலே தேயிலைதான், ஆகவே நாம் போடப்போவதைப் பாத்தி என்றே சொல்கிறேன். ஒரே ஒரு பாத்தி, 12 அடி நீளம், 3 அடி அகலம். அதற்கு மேல் முதல் வருடம் ஆசைப்பட வேண்டாம்.

முதலில் ஒரு வாரம் சும்மா பாருங்கள்

மம்மட்டியைத் தொடாதீர்கள். காலையில் வெயில் எங்கே முதலில் விழுகிறது, மத்தியானத்துக்குப் பிறகு மூட்டம் இறங்கினால் எந்த இடம் முதலில் இருட்டுகிறது, மழை பெய்தால் தகரக் கூரைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, இதை மட்டும் பாருங்கள். ஐந்து ஆறு மணி நேரம் வெயில் படுகிற இடம் வேண்டும். கக்கூஸ் கழிவுக் கானுக்குக் கீழே உள்ள இடம் கறுப்பாக, செழிப்பாகத்தான் இருக்கும், அங்கே மட்டும் போடாதீர்கள்.

அப்புறம் கேட்டுக்கொள்ளுங்கள். 7 பேர்ச் அளவு வீட்டுக் காணி கிடைத்தவர்களுக்குக் கவலையில்லை. லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) இருப்பவர்களுக்குப் பின்னால் உள்ள துண்டு பெரும்பாலும் தோட்டத்துக்குச் சொந்தமானது, அதில் பக்கத்துக் காம்பராக்காரரின் தாத்தா காலத்துப் பாத்தி ஒன்றும் இருக்கும். கேட்காமல் வெட்டினால் மரக்கறிக்கு முன்னால் சண்டைதான் முளைக்கும்.

வெட்டுவது

இதைக் கொஞ்சம் நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் நாள் நான் மம்மட்டியை ஓங்கினேன், இறக்க முடியவில்லை. வன்னியில் கடைசி வருடங்களில் எங்கள் வளவில் நாங்கள் வெட்டியது பங்கர் மட்டும்தான், மண் வாசம் மூக்கில் ஏறியதுமே காது தானாக வானத்தைக் கேட்க ஆரம்பித்துவிட்டது. அதற்கு மேல் மிதிவெடிப் பயம். இந்த மலைப்பக்கம் போர்முனை இருந்ததில்லை, இங்கே யாரும் மிதிவெடி புதைக்கவில்லை, அது எனக்குத் தெரியும், காலுக்குத் தெரியாது. அம்மா பத்தடி தள்ளி நின்று "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

எனக்கு உதவியது இதுதான்: முதல் இரண்டு நாள் வெட்டவேயில்லை, உட்கார்ந்து கையால் புல் பிடுங்கினேன். பிடுங்கப் பிடுங்க அந்த இடம் முழுவதையும் விரல் ஒருமுறை தொட்டுவிட்டது. மூன்றாம் நாள் மாமா முள்ளு (மண்ணைக் குத்திக் கிளறும் இரும்புக் கருவி) எடுத்துக்கொண்டு வந்தார். தேயிலைக்கு முள்ளுக் குத்துவார்களே, அதே முள்ளு. ஓங்கி வெட்டத் தேவையில்லை, குத்தி, மிதித்து, நெம்பினால் போதும். மண்ணும் நன்றாக இளகும், மனமும் பதறாது. உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தால் முள்ளிலிருந்தே தொடங்குங்கள், தனியாக விடாமல் பக்கத்தில் ஒரு ஆள் பேசிக்கொண்டு நிற்கட்டும். (வன்னியிலேயே இருந்துகொண்டு இதை வாசிப்பவர்களுக்கு: மிதிவெடி அகற்றி முடித்த காணி என்று உறுதியாகத் தெரியாத இடத்தில் புல்கூடப் பிடுங்காதீர்கள், துருப்பிடித்த இரும்பு எதையும் தொடாதீர்கள், அறிவித்துவிட்டு விலகி நில்லுங்கள்.)

பாத்தி சரிவுக்குக் குறுக்கே கிடக்க வேண்டும். மேலிருந்து கீழாகப் போட்டால் முதல் பெருமழையிலேயே உங்கள் மண்ணும் எருவும் கீழ் லயத்துக்காரருக்குப் போய்விடும். 8 அங்குல ஆழத்துக்குக் குத்திக் கல்லைப் பொறுக்குங்கள். கல்லை எறிய வேண்டாம், கீழ்ப்பக்க விளிம்பில் அடுக்கினால் அதுவே அணை. பாத்தியை அரை அடி உயர்த்தி, மேல்பக்கம் ஒரு சின்னக் கான் வெட்டிவிடுங்கள். வன்னியில் தண்ணீரை வாய்க்கால் கட்டிப் பாத்திக்குக் கூட்டிக்கொண்டு வருவோம், இங்கே தண்ணீரைப் பாத்தியிலிருந்து வெளியே அனுப்புவதுதான் பாதி வேலை. என் மிளகாய் செத்ததும் அதனால்தான்.

மண்ணுக்குப் புளிப்பு அதிகம்

தேயிலை புளித்த மண்ணைக் கேட்கும், பி.எச். (மண்ணின் புளிப்பைக் காட்டும் எண், குறைந்தால் புளிப்பு கூடுதல்) 4.5 முதல் 5.5 வரை இருந்தால் அதற்குச் சந்தோஷம். நமது மரக்கறிக்கு 6, 6.5 வேண்டும். வன்னிப் பக்கத்து மண் இவ்வளவு புளிக்காது, ஆகவே வன்னிக்காரர்களுக்கு இந்த விஷயம் தலையிலேயே ஏறாது, எனக்கும் ஏறவில்லை. புளிப்பைக் குறைக்காமல் கோவா (முட்டைக்கோஸ்) வைத்தால் வேர் முடிச்சு முடிச்சாக வீங்கி, மத்தியானத்தில் செடி துவண்டு விழும்.

நமது அளவு பாத்திக்கு முக்கால் கிலோ டொலமைட் (ஒரு வகைச் சுண்ணாம்புக் கல் பொடி) போதும். தேயிலைக்கும் போடுவதால் பசளைக் கடைகளில் கிடைக்கும். கிடைக்காவிட்டால் விறகடுப்புச் சாம்பல், சலித்து, மூன்று கைப்பிடி. சாம்பல் நல்லது என்று வாளிக் கணக்கில் கொட்டாதீர்கள். தூவி, மண்ணோடு கலந்து, இரண்டு வாரம் விடுங்கள். சுண்ணாம்பு வகையையும் சாணத்தையும் ஒரே நாளில் போட்டால் சாணத்தின் சத்து காற்றோடு போய்விடும்.

எரு

பழைய சாணம் இரண்டு வாளி. மாடு வைத்திருக்கிற வீட்டில் கேட்டால் தருவார்கள், பதிலுக்குப் புல் அறுத்துக் கொடுங்கள். சாணம் இல்லையென்றால் ரோட்டோரத்தில் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிற காட்டுச் சூரியகாந்தி. அதன் இலையையும் இளந்தண்டையும் பூப்பதற்கு முன்னால் வெட்டி, பொடியாக நறுக்கி மண்ணில் புதைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் உக்கிவிடும். காசு செலவில்லை. 2021 மே மாதம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தி, நவம்பரில் மறுபடி விட்டார்களே, அந்த இடைவெளியில் மலைநாட்டு மரக்கறிக்காரர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. எங்கள் பாத்தி சின்னது, இந்த இலையை வைத்தே சமாளித்தோம். ஏக்கர் கணக்கில் போடுகிறவருக்கு இலையைக் காட்டி உபதேசம் செய்ய நான் தயாரில்லை.

எதைப் போடுவது, எப்போது

ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கம் வைகாசிக் கடைசியில் தென்மேற்கு மழை பிடித்தால் ஆடி, ஆவணி வரை விடாது. ஆகவே மாசிக் கடைசியில் தொடங்குங்கள், இல்லாவிட்டால் புரட்டாசியில். பண்டாரவளை, அப்புத்தளைக்காரர்களுக்குக் கணக்கு வேறு, நமக்கு ஊற்றும்போது அவர்களுக்குக் காற்றும் வெயிலும், அவர்களுக்குப் பெருமழை ஐப்பசிக்குப் பிறகு. நுவரெலியாவில் இருப்பவர்கள் தை, மாசியில் உறைபனியையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் போகத்துக்கு மூன்றே மூன்று.

முள்ளங்கி. அரை அங்குல ஆழத்தில் கோடு கீறி விதையைத் தூவி மூடுங்கள். நான்கைந்து நாளில் முளைத்துவிடும். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது: நான்கு மாதம் காத்திருக்கிற பொறுமை அப்போது எங்கள் யாருக்கும் இல்லை, நாலு மாதத்துக்குப் பிறகு ஒரே இடத்தில் இருப்போம் என்ற நம்பிக்கையும் இல்லை. ஐந்தாம் நாள் பச்சையாக ஏதாவது தெரிய வேண்டும். ஒரு சாண் உயர்ந்ததும் நெருக்கமாக நிற்பதைப் பிடுங்கிக் கறியாக்குங்கள், மிச்சம் ஆறு வாரத்தில் கிழங்காகும்.

போஞ்சி (பீன்ஸ்), செடி வகை. கொடிப் போஞ்சிக்குக் கம்பு தேட வேண்டும், அது அடுத்த வருடம். ஒரு குழிக்கு இரண்டு விதை, ஒரு அங்குல ஆழம், குழிக்குக் குழி அரை அடி. இரவு முழுக்க ஊறப்போட்டு நடாதீர்கள், ஈர மண்ணில் அழுகும். ஏறக்குறைய எட்டு வாரத்தில் முதல் பறிப்பு.

லீக்ஸ். விதை போட்டுக் காத்திருக்காமல் நாற்றாக வாங்குங்கள். வேர் நுனியையும் இலை நுனியையும் கொஞ்சம் வெட்டி, விரல் பருமன் குச்சியால் ஆழமாகக் குத்திய துளையில் இறக்கி, மண்ணை அமுக்காமல் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள், மண் தானாக இறங்கி மூடிக்கொள்ளும். மழையும் குளிரும் இதற்கு ஒத்துப்போகும். உருளைக்கிழங்கு வேண்டாம், விதைக்கிழங்கு விலை ஒருபக்கம், மூட்டத்தில் வருகிற கருகல் நோய் இன்னொருபக்கம்.

இரவில் வருபவர்கள்

நத்தைக்கு மருந்து தேடி அலைய வேண்டாம். இருட்டியபின் டோர்ச்சும் உப்புத் தண்ணீர் டின்னும் எடுத்துக்கொண்டு போய்க் கையால் பொறுக்குங்கள். முதல் வாரம் தினமும், பிறகு மழை பெய்த இரவுகளில். சாம்பலை வளையமாகப் போடலாம் என்பார்கள், மழை பெய்தால் அந்த வளையம் கரைந்துவிடும்.

பன்றி வேறு கதை. பன்றியை விரட்ட இங்கே யானை வெடி (பெருஞ்சத்தப் பட்டாசு) போடுவார்கள். நாங்கள் வந்த மாதமே ஒரு ராத்திரி மேல் கணக்கில் (தோட்டத்தின் மேல் பிரிவில்) யாரோ போட்டார்கள், அம்மா கட்டிலுக்கு அடியில் போய்விட்டார், என்னையும் காலைப் பிடித்து இழுத்தார். விடிந்ததும் மாமா லயம் லயமாகப் போய், வெடி போடுவதானால் முன்கூட்டியே ஒரு சத்தம் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டு வந்தார். யாரும் முகம் சுளிக்கவில்லை, ஒரு பையன் சாயங்காலமே வாசலில் வந்து "பாட்டி, இன்னைக்கு வெடி இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவான். அப்படியும் அம்மா தூங்கமாட்டார், ஆனால் கட்டிலுக்கு மேலேயே இருப்பார். உங்கள் பக்கத்திலும் கேட்டுப் பாருங்கள். சின்னப் பாத்திக்கு வெடியே தேவையில்லை, பழைய தகரத்தை நெருக்கமாக நட்டு அடியை மண்ணில் புதைத்தால் பெரும்பாலும் போதும்.

தினமும் எவ்வளவு நேரம்

காலையில் பிரட்டுக்கு (தோட்டத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்துக்கு) ஆட்கள் போகிற நேரத்தில் கால் மணி, சாயங்காலம் கொழுந்து நிறுத்து வருகிற நேரத்தில் கால் மணி. இந்த நேரத்தை வேண்டுமென்றே சொல்கிறேன். அப்போதுதான் பாதையில் ஆட்கள் போவார்கள், நின்று பார்ப்பார்கள், "இதுக்கு ஏன் இவ்வளவு தண்ணி ஊத்துற?" என்று திட்டுவார்கள். எனக்குத் தெரிந்ததில் பாதி அந்தத் திட்டுகளில் வந்தது. தண்ணீர் மழையில்லாத நாளில் மட்டும், அதுவும் காலையில். சாயங்காலம் நனைத்தால் இரவுக் குளிரில் இலை ஈரமாகவே கிடந்து புள்ளி விழும்.

முதல் முள்ளங்கிக் கீரையைப் பிடுங்கிய அன்று அம்மா தேங்காய்ப்பூ போட்டு வறை செய்தார். அத்தை அதைச் சுண்டல் என்றார். இரண்டு பேரும் சட்டியை நடுவில் வைத்துக்கொண்டு பெயருக்காகச் சண்டை போட்டதில் சோறு ஆறிவிட்டது. விதைக்கு என்று போஞ்சிச் செடி இரண்டைப் பறிக்காமல் விட்டிருந்தேன். காய் செடியிலேயே மஞ்சளாகிச் சருகாக வேண்டும், மழை வரும்போல இருந்தால் செடியோடு பிடுங்கி அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிடுங்கள். குலுக்கினால் சலசலக்கும், அப்போது உரித்துப் போத்தலில் போட்டு வையுங்கள்.