ஹெட்டை மாற்றுவதற்கு முன்னால்: பைக் சிலிண்டர் ஹெட்டுகளை ஒப்பிட ஒரு செய்முறை

நெல்லைப் பக்கம் எந்தப் பட்டறையில் போய், "அண்ணாச்சி, வண்டி இன்னும் கொஞ்சம் இழுக்கணும்" என்று சொன்னாலும் மூன்று பதில்தான் வரும். போரை (சிலிண்டரின் விட்டத்தை) பெருசாக்கு, சைலன்சரை மாத்து, ஹெட்டை மாத்து. மூன்றாவதைச் சொல்கிறவரிடம் எந்த ஹெட், ஏன் என்று கேட்டால், "4 வால்வு போடு, பறக்கும்" என்பதோடு பேச்சு முடிந்துவிடும்.

அது பாதி உண்மை. சிலிண்டரின் மேல்மூடிதான் ஹெட்; காற்று உள்ளே வரவும் புகை வெளியே போகவும் திறந்து மூடுகிற வால்வுகள் அதில்தான் இருக்கும். எஞ்சின் எவ்வளவு காற்றை இழுக்கும், எந்த வேகத்தில் நன்றாக இழுக்கும், இழுத்ததை எவ்வளவு அழுத்தி எரிக்கும் என்ற மூன்றையும் ஹெட்தான் முடிவு செய்கிறது. ஆகவே இரண்டு ஹெட்டை ஒப்பிடும்போது வால்வை எண்ணுவதைவிட, நீங்கள் எந்த ஆர்பிஎம்மில் (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று) ஓட்டுகிறீர்கள் என்று முதலில் பார்ப்பதே சரி.

படி 1: உங்கள் ஓட்டத்தை எழுதிக்கொள்ளுங்கள்

ஜங்ஷனிலிருந்து டவுனுக்கும் பாளையங்கோட்டைக்கும் அலைகிற வண்டி பெரும்பாலும் 3,000 முதல் 5,000 ஆர்பிஎம்முக்குள்தான் ஓடும். செங்கோட்டை தாண்டிப் புளியரை மலைப்பாதையில் ஆள் ஏற்றி ஏறுகிற வண்டிக்கும் அடி இழுவைதான் முக்கியம். நாகர்கோவில் நான்குவழிச் சாலையில் தினமும் போகிறவர் கதை வேறு. தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே அடிக்கிற மாதங்களில், முப்பந்தல் காற்றாலைகள் பக்கம் எதிர்க்காற்றில் டாப் கியர் திணறும். அவருக்கு நடு ஆர்பிஎம்மிலும் மேல் ஆர்பிஎம்மிலும் சக்தி வேண்டும். இதை முடிவு செய்யாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

படி 2: ஹெட்டின் வகையைத் தெரிந்துகொள்ளுங்கள்

வால்வைத் திறக்கிற மேடுள்ள தண்டுதான் கேம். பழைய புல்லட்டில் அது கீழே, பிஸ்டன் சுழற்றுகிற கிராங்க் பக்கம் இருக்கும். அங்கிருந்து நீளமான புஷ்ராடு மேலே வந்து ராக்கரைத் தள்ளும். அசைகிற எடை அதிகம் என்பதால் ஆர்பிஎம் ஏறாது. தாழ்ந்த வேகத்தில் நிதானமாக இழுக்கும். ஸ்பிளெண்டர் போன்றவற்றில் ஒரே கேம் ஹெட்டின் மேலேயே உட்கார்ந்து செயின் மூலம் சுற்றும். 2020இல் வந்த மீட்டியார் 350 முதல் என்ஃபீல்டின் 350 எஞ்சினும் இந்த வழிக்கு வந்துவிட்டது. டியூக் 200இல் இன்டேக்குக்கு (காற்று நுழையும் வால்வு) ஒன்று, எக்ஸாஸ்ட்டுக்கு (புகை வெளியேறும் வால்வு) ஒன்று என்று இரண்டு கேம்.

ஹெட்டின் வேலையைப் புரிந்துகொள்ள, போரும் ஸ்ட்ரோக்கும் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) ஒன்றாக இருக்கிற இரண்டு வண்டிகளை அருகருகே வைத்துப் பாருங்கள். நம் ஊர்ச் சாலையிலேயே அப்படி இரண்டு ஜோடி ஓடுகின்றன.

முதல் ஜோடி அப்பாச்சி ஆர்டிஆர் 160இன் 2வியும் (2 வால்வு) 4வியும் (4 வால்வு). இரண்டுமே 62 × 52.9 மி.மீ., 159.7 சிசி. 2018இல் 4வி வந்தபோது கார்புரேட்டர் மாடல் 16.5 பிஎஸ் (குதிரைத்திறன்) கொடுத்தது. அப்போதைய 2வி சுமார் 15 பிஎஸ். வால்வு இரண்டு மடங்கானாலும் கிடைத்தது ஒன்றரை பிஎஸ்தான்.

இரண்டாவது ஜோடி பல்சர் என்எஸ்200உம் டியூக் 200உம். இரண்டும் 72 × 49 மி.மீ., 199.5 சிசி, 4 வால்வு. என்எஸ்ஸில் ஒரு கேம், மூன்று ஸ்பார்க் பிளக். டியூக்கில் இரண்டு கேம், ஒரு பிளக். 2012இல் இரண்டும் வந்தபோது என்எஸ் 23.5 பிஎஸ், டியூக் 25 பிஎஸ். அந்த வித்தியாசம் முழுவதையும் கேம் கணக்கில் எழுத முடியாது. டியூக்கில் ஃப்யூல் இன்ஜெக்ஷன் இருந்தது, என்எஸ் கார்புரேட்டரோடு வந்தது. என்னைக் கேட்டால், ஒரு சாதாரண வண்டியில் இரண்டு கேம் ஹெட்டுக்காகப் பணம் செலவழிப்பது வீண்.

படி 3: வால்வைக் கணக்கிடுங்கள்

வால்வு திறக்கும்போது காற்று அதன் சுற்றளவில் உண்டாகும் இடைவெளி வழியாகத்தான் உள்ளே போகிறது. ஆக, சுற்றளவை லிஃப்டால் (வால்வு எவ்வளவு தூரம் திறக்கிறது என்பது) பெருக்கினால் திறப்பின் பரப்பு கிடைக்கும். கணக்குக்காக, 31 மி.மீ. விட்டமுள்ள ஒரு வால்வின் சுற்றளவு சுமார் 97 மி.மீ. 24 மி.மீ. வால்வு இரண்டு என்றால் சுமார் 151 மி.மீ. லிஃப்ட் அதேதான் என்றால் திறப்பு ஒன்றரை மடங்கு. தவிர, சின்ன வால்வின் எடை குறைவு. ஸ்பிரிங் அதை வேகமாக மூடிவிடும், ஆர்பிஎம் தாராளமாக ஏறும். நடுவில் ஸ்பார்க் பிளக்குக்கும் இடம் கிடைக்கும். 2 வால்வு ஹெட்டில் பிளக் ஓரத்தில் போய்விடுவதால்தான் பல்சரின் டிடிஎஸ்-ஐ எஞ்சினில் இரண்டு பிளக் வைத்து எரிப்பை வேகப்படுத்தினார்கள்.

சரி, அப்படியானால் ஏன் எல்லோருக்கும் 4 வால்வு வேண்டாம்? மடையில் வரும் அதே தண்ணீர் குறுகலான வாய்க்காலில் விசையாகப் பாயும், அகலமான வாய்க்காலில் மெத்தனமாகப் போகும். ஹெட்டுக்குள் காற்று போகிற வழியான போர்ட்டும் அப்படித்தான். தாழ்ந்த ஆர்பிஎம்மில் பெரிய திறப்பு இருந்தால் காற்றின் வேகம் குறைந்து, பெட்ரோலோடு சரியாகக் கலக்காது. டவுன் ரத வீதி நெரிசலில் வண்டி சோம்பும். யமஹா ஆர்15இன் மூன்றாம் பதிப்பில் 7,400 ஆர்பிஎம் பக்கம் இன்டேக் கேம் மாறுகிற ஏற்பாடு வைத்தது இந்தச் சிக்கலுக்காகத்தான்: தாழ்ந்த ஆர்பிஎம்முக்கு ஒரு கேம், மேல் ஆர்பிஎம்முக்கு ஒரு கேம்.

படி 4: சேம்பரை (எரியறையை) அளந்து பாருங்கள்

இந்தப் படியை நிறையப் பேர் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இதுதான் முக்கியமான படி. செலவும் ஒன்றும் இல்லை: மருந்துக்கடையில் 10 மி.லி. சிரிஞ்ச், கண்ணாடி போன்ற ஒரு அக்ரிலிக் துண்டு, கொஞ்சம் கிரீஸ், டீசல்.

கரியைச் சுரண்டிச் சுத்தம் செய்த ஹெட்டைத் தலைகீழாக வையுங்கள். வால்வுகள் மூடியிருக்க வேண்டும், பிளக்கை மாட்டியிருக்க வேண்டும். சேம்பரின் விளிம்பில் மெல்லிசாகக் கிரீஸ் தடவி அக்ரிலிக்கை அழுத்துங்கள். அதில் ஓரமாக ஒரு துளை போட்டு, அந்தத் துளை மேலே வரும்படி ஹெட்டைக் கொஞ்சம் சாய்த்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் காற்றுக்குமிழ் உள்ளே மாட்டிக்கொண்டு அளவைக் கெடுக்கும். பிறகு சிரிஞ்சால் துளி துளியாக நிரப்புங்கள். குமிழ் இல்லாமல் நிறைந்ததும் எத்தனை மி.லி. போனதோ அதுதான் ஹெட்டின் சிசி. ஒரே ஹெட்டை மறுபடி அளந்தால் அதே எண் வர வேண்டும்; வராவிட்டால் வால்வு ஓரத்தில் டீசல் கசிகிறதா, குமிழ் மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

இதோடு கேஸ்கெட்டின் கன அளவைக் கூட்டி, பிஸ்டன் தலை மேடாக இருந்தால் அதைக் கழித்து, பள்ளமாக இருந்தால் சேர்க்க வேண்டும். உதாரணமாக, 97.2 சிசி ஸ்பிளெண்டரில் கம்ப்ரஷன் (காற்று எத்தனை மடங்கு அழுத்தப்படுகிறது என்ற விகிதம்) 10:1 என்று வைத்துக்கொண்டால், 10இல் 1ஐக் கழித்து வகுக்க, மொத்த எரியறை 97.2 ÷ 9 = 10.8 சிசி. 50 மி.மீ. போரில், ஹெட்டின் அடிப்பரப்பை 0.5 மி.மீ. ஃபேசிங் செய்தால் (சீவினால்) கிட்டத்தட்ட 1 சிசி குறையும். அப்போது விகிதம் 10.9:1. லேத்தில் அரை மில்லி எடுப்பது பார்வைக்கு ஒன்றுமே இல்லை, விளைவைப் பார்த்தீர்களா!

காற்றில் குளிர்கிற எஞ்சினுக்கு நம் சித்திரை வெயிலில் இது சின்ன விஷயமல்ல. அழுத்தத்தில் தானாக எரியாமல் பெட்ரோல் எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் ஆக்டேன் என்கிறோம். நீங்கள் போடுகிற பெட்ரோல் இந்த விகிதத்தைத் தாங்காவிட்டால் ஏற்றத்தில் 'டக் டக்' என்று நாக்கிங் கேட்கும். அதோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் பிஸ்டன் போய்விடும். இன்னொன்று, ஹெட்டை எவ்வளவு எடுக்கிறோமோ அவ்வளவு கேம் கீழே இறங்கி டைமிங்கும் (வால்வு திறந்து மூடும் நேரம்) சற்றுப் பிந்தும். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி குறையும். அதைப் பார்க்க, பிஸ்டன் தலையில் பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை ஒட்டி, ஹெட்டை மாட்டி, கிராங்கைக் கையால் இரண்டு சுற்று சுற்றி, திறந்து, அழுந்திய இடத்தின் கனத்தை அளப்பார்கள். அதைச் செய்யாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

ஆர்எக்ஸ்100 வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது 2 ஸ்ட்ரோக், ஹெட்டில் வால்வே கிடையாது. அங்கே ஒப்பிட வேண்டியது சேம்பர் சிசியும், ஓரத்தில் பிஸ்டன் நெருங்கி வருகிற ஸ்க்விஷ் இடைவெளியும் மட்டுமே. பிளக் துளை வழியே ஈயக்கம்பியை விட்டு நசுக்கினால் இடைவெளி தெரிந்துவிடும்.

படி 5: பழைய ஹெட் வாங்குவதானால்

முதலில் பிளக் துளைக்கும் வால்வு சீட்டுக்கும் நடுவில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். கேம் உட்காரும் இடத்தில் விரலை ஓட்டுங்கள். நகம் மாட்டினால் அந்த ஹெட்டைக் கையாலும் தொட வேண்டாம். பிளக் மரை தேய்ந்திருக்கிறதா பாருங்கள். லேத் பட்டறையில் நேர்க்கட்டையும் ஃபீலர் கேஜும் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) வைத்து வளைவைப் பார்க்கச் சொல்லுங்கள். சின்ன எஞ்சின்களில் 0.05 மி.மீ. தாண்டினாலே யோசிக்க வேண்டும். சரியான எல்லை உங்கள் வண்டியின் சர்வீஸ் மேனுவலில் இருக்கும்.

போர் அளவு ஒன்றாக இருந்தாலும் இன்னொரு மாடலின் ஹெட் அப்படியே உட்காராது. ஸ்டட் இடைவெளி, ஆயில் வழி, செயின் எந்தப் பக்கம், எத்தனை கண்ணி என்று எல்லாம் ஒத்துவர வேண்டும். "வெல்டு வச்சு சரி பண்ணிரலாம்" என்பவரிடம் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

படி 6: இருக்கிற ஹெட்டுக்கு ஒரு வாய்ப்பு கொடுங்கள்

பாதி வண்டிகளுக்குப் புது ஹெட்டே தேவைப்படாது. வால்வு சீட்டை 30, 45, 60 டிகிரி என்று மூன்று கோணத்தில் கட்டிங் செய்து, பேஸ்ட் வைத்து வால்வைச் சீட்டில் தேய்த்து (லேப்பிங்), கைடும் ஆயில் சீலும் மாற்றினால் போன இழுவை திரும்பும். வேலை முடிந்ததும் போர்ட்டுக்குள் பெட்ரோல் ஊற்றிப் பாருங்கள்; சேம்பர் பக்கம் ஈரம் வரக்கூடாது. இன்டேக் போர்ட்டில் கேஸ்கெட்டோடு ஒத்துவராத மேடுகளை மட்டும் எடுங்கள். கண்ணாடி போலப் பாலிஷ் போட வேண்டாம். லேசான சொரசொரப்பு இருந்தால்தான் பெட்ரோல் சுவரில் படலமாக ஒட்டாது. எக்ஸாஸ்ட் பக்கம் வேண்டுமானால் பாலிஷ் போடலாம்.

கேமும் கார்புரேட்டர் ஜெட்டும் (பெட்ரோலை அளந்து விடும் துளை) ஹெட்டுக்கு ஏற்ப மாறாவிட்டால் காசு தண்டம். இன்ஜெக்ஷன் வண்டியானால் பெட்ரோல் அளவைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூவும் அப்படித்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு கம்பெனி அளவிலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது, இன்சூரன்ஸிலும் இடிக்கும். இதைத் தெரிந்துகொண்டே இறங்குங்கள்.

படி 7: மாட்டி, ஓட்டி, அளங்கள்

போல்ட்டுகளைக் குறுக்குமறுக்காக, இரண்டு மூன்று தவணையில், டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்குங்கள். முதல் சூடு ஆறியதும் டேப்பட்டை (வால்வுக்கு மேல் விடுகிற இடைவெளி) திரும்பப் பாருங்கள். சில நாள் ஓட்டிய பிறகு பிளக்கைக் கழற்றினால் இளம்பழுப்பு நிறம் இருக்க வேண்டும். வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் போதவில்லை, உடனே ஜெட்டைச் சரிபாருங்கள்.

முன்னேற்றம் தெரிய டாப் ஸ்பீடைப் பார்க்காதீர்கள். வாகனம் குறைவான விடிகாலையில், டாப் கியரில் 40இலிருந்து 60 வர எத்தனை வினாடி ஆகிறது என்று பின்னால் இருப்பவர் போனில் குறிக்கட்டும். ஹெட்டைக் கழற்றுவதற்கு முன்பே இதை ஒருமுறை எடுத்து வைத்துக்கொள்வது அவசியம், இல்லாவிட்டால் எதோடு ஒப்பிடுவது? போகும்போது ஒருமுறை, திரும்பும்போது ஒருமுறை எடுத்துச் சராசரி போடுங்கள். வள்ளியூருக்குத் தெற்கே காற்று ஒரு பக்கம் தள்ளிவிடும். அதைப் புது ஹெட்டின் சக்தி என்று எழுதிவிடக் கூடாது.