பாகூரில் கணவனிடம் அடி வாங்கியவள் கடலூரில் மனு போடலாமா?

போடலாம். புதுச்சேரி எல்லையான முள்ளோடையைத் தாண்டினால் தமிழ்நாடு, வேறு மாநிலம்தான், அதற்காக அடித்தவன் ஊருக்கே திரும்பிப் போய்த்தான் கேஸ் போட வேண்டும் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். என் சித்தி மகளை ஒரு ஸ்டேஷனில் "இது பாண்டிச்சேரி கேஸும்மா, அங்க போ" என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு கண் வீங்கி மூடியிருக்க, துப்பட்டாவால் முகத்தை மறைத்துக்கொண்டு மறுபடி பஸ் ஏறப் போனவளை, தெரிந்த வக்கீல் ஒருவர்தான் தடுத்தார்.

குடும்ப வன்முறைச் சட்டம், 2005. அதில் 27-ஆவது பிரிவு. நீங்கள் நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ தங்கியிருக்கும் ஊர் மாஜிஸ்திரேட் கோர்ட்டிலேயே மனு போடலாம். அம்மா வீட்டுக்கு வந்து நாலு நாள்தான் ஆகிறதா? அதுவும் தற்காலிகம்தான்.

முதல் வேலை, அரசு மருத்துவமனை. யார் அடித்தது, எதால் அடித்தது என்று டாக்டரிடம் சொல்லி ஏ.ஆர். காப்பியில் (காயங்களைக் குறிக்கும் ஆஸ்பத்திரிப் பதிவேடு) பதிய வையுங்கள். மானம் போகுமே என்று "பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லிவிட்டால், பின்னால் அந்த ஒரு வரிதான் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அல்வா.

அப்புறம் சமூக நலத்துறையின் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள். நடந்ததை அறிக்கையாக எழுதிக் கோர்ட்டுக்கு அனுப்புவது அவர் வேலை. வக்கீலுக்குக் காசில்லையா, கோர்ட்டிலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண் என்றால் வருமானம் பார்க்காமல் இலவசம், போன் 15100.

மனுவில் எல்லாவற்றையும் தனித்தனியாகக் கேளுங்கள்: கிட்டே வரக்கூடாது, போன் போட்டு மிரட்டக்கூடாது, பிள்ளை என்னிடம் இருக்க வேண்டும், மாதச் செலவுக்குப் பணம். 60 நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, வாய்தா என்ன சொல்லும் என்று உங்களுக்கே தெரியும், அதனால் 23-ஆவது பிரிவில் இடைக்கால உத்தரவையும் சேர்த்தே கேட்டுவிடுங்கள், அவன் வராமலேயே கோர்ட் அதைக் கொடுக்கலாம்.

மனு நகல் அவன் கைக்கும் போகும். அம்மா வீடு அவனுக்குத் தெரிந்ததுதான், ஆனால் தோழி வீட்டில் மறைந்திருக்கிறீர்கள் என்றால் முகவரி விஷயத்தை வக்கீலிடம் முதலிலேயே பேசுங்கள். போனில் லொகேஷன் ஷேரிங்கை அணைத்து, அவனுக்குத் தெரிந்த ஜிமெயில் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

கடலூர் கோர்ட் போட்ட உத்தரவு பாகூரிலும் செல்லும், காரைக்காலிலும் செல்லும், இந்தியா முழுக்கச் செல்லும். நகல் இலவசம். ஒன்றை உங்கள் பக்கத்து ஸ்டேஷனிலும் இன்னொன்றை அவன் ஊர் ஸ்டேஷனிலும் கொடுத்து, வாங்கியதற்குக் கையெழுத்து வாங்குங்கள். பாதுகாப்பு உத்தரவை மீறி வாசலில் வந்து நின்றால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், இல்லை இரண்டுமே. வாரண்ட் இல்லாமலே பிடிக்கலாம்.

இதெல்லாம் கோர்ட் திறந்திருக்கும்போது. நடு ராத்திரியில் கதவைத் தட்டினால் திறக்காதீர்கள், அவசர உதவி எண் 112-க்கு அடியுங்கள்; தங்க இடம் வேண்டுமென்றால் பெண்கள் உதவி எண் 181.