அற்றோணி எழுதும்போது சறுக்கும் இடங்கள்

எழுதுவினைஞர் பெரியம்மாவின் இடது பெருவிரலை மையில் தோய்த்துக் காகிதத்தில் அழுத்தினார். காலமெல்லாம் கொழுந்து பறித்த விரல். ரேகை தேய்ந்து, வெறும் கறுப்பு வட்டம்தான் விழுந்தது. சேலைத் தலைப்பில் துடைத்துவிட்டு மீண்டும் மீண்டும் அழுத்தினார்கள். ரேகை விழவேண்டுமே என்று எல்லோரும் கவலைப்பட்டோமே தவிர, அதற்கு மேலே என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. அது அற்றோணி, அதாவது நம் சார்பில் செயற்பட இன்னொருவருக்கு அதிகாரம் கொடுக்கும் ஆவணம். ஆங்கிலத்தில் இருந்தது.

மலையகத்தில் அற்றோணித் தத்துவம் எழுதிக்கொடுப்பவர்கள் செய்யும் பெரிய தவறு இதுதான். ஒப்பமிடுபவருக்கு விளங்கும்படி வாசித்து விளக்குவது, ஆவணத்தை எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசின் கடமை. கேட்டால் ஐயா கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டியதில்லை. தமிழில் எழுத அனுமதி பெற்ற நொத்தாரிசுகள் இருக்கிறார்கள், தேடிப் போங்கள்.

பெரியம்மாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று: முழங்கால் வலியோடு பஸ் ஏறி ஹட்டனுக்குப் போகாமல், மகன் வங்கியில் பணம் எடுத்துவர வேண்டும். ஆனால் எழுதப்பட்டதோ விற்க, ஈடு வைக்க, கடன் வாங்க என எல்லாவற்றுக்கும் இடம் தரும் பொது அற்றோணி. பிறகு தமிழில் வாசித்துக் காட்டியபோது, "எதை ஈடு வைப்பது? தோட்டத்து லயக் காம்பராவையா?" என்று கேட்டார். கணக்கு இலக்கம், வங்கிக் கிளை, என்ன செய்யலாம், எந்தத் திகதிவரை என்று குறிப்பிட்டு விசேட அற்றோணி எழுதியிருந்தால் போதுமானது. மகன் நல்லவன் என்பது வேறு விஷயம்.

அடுத்தது பெயர். அடையாள அட்டையில் லெட்சுமி, வங்கிப் புத்தகத்தில் லட்சுமியம்மா, சேமலாப நிதிப் பத்திரத்தில் இன்னொன்று என்பது நம் தோட்டங்களில் சர்வசாதாரணம். ஒப்பமிடுவதற்கு முன்பே எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, வேறு பெயர்களையும் ஆவணத்தில் சேர்க்கச் சொல்லுங்கள். எல்லாப் பெயரும் ஒருவருடையதே என்று வங்கி சத்தியக்கடதாசி கேட்குமா என்பதையும் முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள்.

"வீட்டிலேயே ஒப்பம் வாங்கி வாருங்கள், நான் பிறகு என் ஒப்பத்தை வைக்கிறேன்" என்று எந்த நொத்தாரிசாவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஒப்பமிடுபவர், நொத்தாரிசு, இரண்டு சாட்சிகள் எல்லோரும் ஒரே நேரத்தில் ஓரிடத்தில் இருக்கவேண்டும். வெற்றுத் தாளில் ஒப்பம் வைப்பதைப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. வளைகுடாவில் வேலை செய்யும் பிள்ளை எழுதிக்கொடுப்பதாக இருந்தால், அங்குள்ள இலங்கைத் தூதரகத்துக்குப் போகவேண்டும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் எடுபடாது.

அற்றோணி பற்றிய 1902ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டது. ஆகவே பழைய படிவத்தைப் பிரதியெடுத்து எழுதாமல், பதிவாளர் நாயகம் திணைக்களத்தில் பதிவதையும் சேர்த்தே பேசி முடியுங்கள்.

எழுதிக்கொடுத்தவர் இறந்தால் அற்றோணியும் அன்றோடு முடிந்துவிடும். மரணவீட்டுச் செலவுக்கு அதைக் காட்டிப் பணம் எடுப்பது குற்றமாகிவிடலாம். கணக்குக்குப் பின்னுரித்தாளர் (இறந்த பிறகு பணத்தைப் பெறுபவர்) பெயர் கொடுத்திருக்கிறதா என்று இப்போதே வங்கியில் கேளுங்கள்.