சுண்டெலி விழித்திரைப் படத்தில் அளவைத் திருத்துவது எப்படி

மனிதக் கண்ணுக்குச் செய்த ஓசிடி கருவியில் (ஒளியால் விழித்திரையின் அடுக்குகளைப் படமெடுக்கும் கருவி) சுண்டெலியைப் படமெடுத்தால், மூலையில் வரும் அளவுக்கோட்டை நம்பவே கூடாது. மனிதக் கண் ஏறக்குறைய 24 மில்லிமீற்றர் நீளம், சுண்டெலிக் கண் சுமார் 3.4 தான். கருவிக்கு அது தெரியாது. உவர்மலையில் வீட்டு மேசையில் இருந்து இப்படிப்பட்ட படங்களைத்தான் அளந்து கொடுக்கிறேன். வளாகத்துப் பிள்ளைகள் சிலர் கேட்டதால் எழுதுகிறேன்.

முதலில், படம் எத்தனை பாகை அகலம், அதாவது கண்ணுக்குள் எவ்வளவு கோணத்தைப் பிடிக்கிறது என்று பாருங்கள். மில்லிமீற்றர் கணக்கு வேண்டாம், அது கருவியின் ஊகம்.

அடுத்து, ஒரு பாகைக்கு விழித்திரையில் எத்தனை மைக்ரோன் (மில்லிமீற்றரில் ஆயிரத்திலொன்று)? சுண்டெலிக்கு நான் எடுப்பது 31. றெம்துல்லா, ஹாலெற் என்ற ஆய்வாளர்கள் 1985இல் வெளியிட்ட மாதிரிக் கண்ணிலிருந்து (சுண்டெலிக் கண்ணின் ஒளியியலைக் கணக்கில் காட்டும் மாதிரி) வந்த எண் அது. மனிதனுக்கு இது 290 அளவில் இருக்கும். ஆக, கருவி ஒரு இரத்த நாளத்தை 350 மைக்ரோன் என்று காட்டினால் உண்மை அகலம் 37 அளவுதான்.

இந்த இடத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். மனிதக் கண்ணுக்குப் பெனற் சூத்திரம் இருக்கிறது: கண்ணின் நீளத்திலிருந்து 1.82ஐக் கழித்து, 0.01306ஆல் பெருக்க வேண்டும். 24ஐப் போட்டால் பாகைக்கு 0.29 மில்லிமீற்றர், சரியாக வரும். 3.4ஐப் போட்டுப் பாருங்கள்: 21 மைக்ரோன்! 31 வரவேண்டிய இடத்தில் மூன்றிலொரு பங்கு குறைவு. அந்த 1.82 மனிதக் கண்ணின் ஒளியியலிலிருந்து வந்தது. சுண்டெலியின் வில்லையோ உருண்டையாக, கண்ணின் பெரும்பகுதியை நிறைத்து நிற்கும். விடை பார்க்க நம்பும்படி இருப்பதால் யாரும் சந்தேகப்படுவதில்லை, அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

சரி, இனி இமேஜ்-ஜே, படங்களை அளக்கும் இலவச மென்பொருள். காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் எதுவும் இதற்குத் தேவையில்லை. 30 பாகை, 768 பிக்சல் படம் என்றால் 30 × 31 = 930 மைக்ரோன். 'அனலைஸ்' பட்டியலில் 'செற் ஸ்கேல்' திறந்து, பிக்சல் தூரத்துக்கு 768, தெரிந்த தூரத்துக்கு 930 கொடுங்கள். ஒரு பிக்சல் 1.21 மைக்ரோன் என்று வரும். கீழே உள்ள 'குளோபல்' பெட்டியை எல்லாப் படமும் ஒரே அமைப்பில் எடுத்தவை என்றால் மட்டும் தெரிவு செய்யுங்கள்.

விழித்திரைத் தடிப்பை இந்தக் கணக்கால் திருத்திவிடாதீர்கள். ஆழத்தை ஓசிடி ஒளி போய்வரும் பாதையைக் கொண்டு அளக்கிறது, கண்ணின் உருப்பெருக்கம் அதைத் தொடுவதில்லை. பரப்பளவுக்கோ திருத்தம் இருமடியாகப் போகும்: நீளத்தில் 10 சதவீதம் கூடினால் பரப்பு 21 சதவீதம் கூடும்.

பின்சேர்க்கை: ஒரு தங்கச்சி கேட்டிருந்தார், சுண்டெலிக் கண்ணில் தொடுவில்லை வைத்து, கருவியிலும் மேலதிக வில்லை போட்டால்? அப்போது பாகையே மாறிவிடும், 30 என்று எழுதியிருப்பது செல்லாது. அளவு தெரிந்த ஏதாவது விழித்திரையில் இருக்க வேண்டும். சிறு உள்வைப்பு இருந்தால் நல்லது. இல்லாவிட்டால், பிறகு அதே விழித்திரையை விரித்து நுண்ணோக்கியில் பார்த்து, இரண்டு நாளக் கிளைகளுக்கு இடையிலான தூரத்தை ஒப்பிடலாம். பதப்படுத்தும்போது திசு சுருங்கும், அதைக் கணக்கில் எடுங்கள். சுண்டெலிக் குட்டிகளில் கண் வளர்ந்துகொண்டே போவதால், அளந்த கண்ணின் நீளத்தை 3.4ஆல் வகுத்து 31ஆல் பெருக்கிக்கொண்டால் பாகைக்கான மைக்ரோன் ஓரளவு கிட்ட வரும்.