கல்லூரி நூலகத்தில் சினிமா டிவிடிகள்: பட்டியலிட்டு அடுக்குவது எப்படி?

உங்கள் நூலகத்தில் கோஹா மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கிறது, மார்க் 21 புலங்கள் (பட்டியல் விவரங்களை நிரப்பும் எண்ணிட்ட கட்டங்கள்) ஓரளவு பழக்கம் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன். மதுரையில் எங்கள் கல்லூரிக்கு விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) துறை வந்தபோது இந்த வேலை என் தலையில் விழுந்தது.

முதலில் டிஸ்க்கைப் போட்டுப் பாருங்கள். படத்துக்குள் வரும் டைட்டில்தான் தலைப்புப் புலமான 245இல் ஏறவேண்டும். அட்டையில் வேறு மாதிரி இருந்தால் அது 246க்கு. லீடரின் (பதிவின் தொடக்க வரி) 06ஆம் இடத்தில் வீடியோவுக்கான 'ஜி' போடுங்கள். புத்தகத்துக்கான 'ஏ' அப்படியே கிடந்தால், தேடுகிறவருக்கு டிவிடி புத்தகமாக வந்து நிற்கும்.

அப்புறம் ஆண்டு. எல்லாரும் தடுக்கி விழுகிற இடம் இதுதான். 'பொல்லாதவன்' வேண்டும் என்று ஒரு மாணவர் கேட்டால், "ரஜினி பொல்லாதவனா, தனுஷ் பொல்லாதவனா?" என்று கவுண்டரிலிருந்து திருப்பிக் கேட்கவேண்டியிருக்கிறது. ஒன்று 1980, இன்னொன்று 2007. ஆனால் 1980 படத்தின் டிவிடி எப்படியும் பல ஆண்டுகள் கழித்து வந்ததுதான். வெளியீட்டு விவரப் புலமான 264இல் டிஸ்க் வெளியான ஆண்டு மட்டும் இருந்தால், பழைய படமும் புதுப்படம் போலவே தெரியும். அதனால் குறியீட்டுப் புலமான 008இல் தேதி வகை 'பி' (ஆங்கில p). முதல் தேதி டிஸ்க்குக்கு, இரண்டாவது படத்துக்கு. சீர்மைத் தலைப்புப் புலமான 130இல் 'பொல்லாதவன் (திரைப்படம் : 1980)' என்று பிரித்துவிடுங்கள். டிஸ்க்கில் ஆண்டே இல்லையென்றால் உத்தேச ஆண்டைச் சதுர அடைப்புக்குள் கேள்விக்குறியோடு கொடுங்கள். படத்தின் ஆண்டைத் தூக்கி அங்கே வைக்காதீர்கள்.

டூயி எண்ணில் (பொருள்வாரியாக வகைப்படுத்தும் எண்) கதைப்படங்கள் எல்லாம் 791.4372இல் போய்க் குவியும். அதை மட்டும் நம்பினால் அலமாரியில் எதுவும் கிடைக்காது. உறை லேபிளில் எண்ணுக்குக் கீழே தலைப்பின் முதல் மூன்று எழுத்து, அதற்குக் கீழே படம் வந்த ஆண்டு. இயக்குநர் வாரியாக அடுக்கலாமே என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. பையன்கள் நடிகர் பெயர் சொல்லித்தான் கேட்கிறார்கள். இயக்குநரையும் நடிகர்களையும் 700இல் ஏற்றினால் தேடலில் வந்துவிடுவார்கள். ஆவணப்படங்களை மட்டும் பொருள்வாரியாக வையுங்கள். கீழடி பற்றிய படம் 934இல், அகழாய்வுப் புத்தகங்களோடு இருக்கட்டும்.

டிஸ்க் மேல் பேப்பர் ஸ்டிக்கர் வேண்டவே வேண்டாம். சித்திரை வெயிலில் பசை இளகும். சுழலும்போது எடை ஒருபக்கம் இழுக்கும். நடுத்துளையைச் சுற்றியுள்ள கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் வளையத்தில், ஆல்கஹால் கலக்காத மார்க்கரால் பதிவெண் எழுதினால் போதும். காலி உறையைத் திறந்த அலமாரியில் நிறுத்திவைத்து, டிஸ்க்கைப் பதிவெண் வரிசையில் கவுண்டருக்குள் வைத்துக்கொள்ளுங்கள். மேற்குப் பக்க ஜன்னலோரம் மட்டும் ஆகாது.

வெளிநாட்டு டிஸ்க் வந்தால் ரீஜன் எண்ணை (எந்த வட்டார பிளேயரில் ஓடும் என்ற குறி) பார்த்து, தொழில்நுட்பக் குறிப்புக்கான 538இல் குறியுங்கள். இந்தியா 5, அமெரிக்கா 1. கணினி டிரைவில் ரீஜனை ஐந்து முறைதான் மாற்ற முடியும். மாணவர் கையில் அதை விடாதீர்கள்.

பின்சேர்க்கை: "ஒரே டிஸ்க்கில் மூன்று படம் இருந்தால் என்ன செய்வது?" என்று திருமங்கலத்திலிருந்து ஒரு நூலகர் கேட்டிருந்தார். நியாயமான கேள்வி, நம்மூர் டிஸ்க்குகளில் பாதி அப்படித்தான். பதிவு ஒன்றே போதும். உள்ளடக்கக் குறிப்புப் புலமான 505இல் மூன்று பெயரையும் எழுதி, இரண்டாவதையும் மூன்றாவதையும் 740இல் தனித்தனியாக ஏற்றுங்கள். அலமாரியில் முதல் படத்தின் பெயரிலேயே நிற்கட்டும்.